பயன் கருதிய மணங்கள்: சேது நாட்டு வரலாறும் காதற் புதினமும்

காதற் புதினங்களில் ஒரு வகை உண்டு. அன்பினால் அன்றித் தேவையினால் மணந்துகொள்ளும் இருவர், மணத்திற்குப் பின் மெல்ல மெல்ல ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குவதே அதன் கதை. கடனில் மூழ்கிய குடும்பம், உயில், குலப்பெருமை என ஏதேனும் ஒன்று அவர்களை மணவறையில் அமர்த்தும். கடைசி அத்தியாயத்தில் காதல் வந்து சேரும். ஆங்கிலத்தில் ஜார்ஜெட் ஹேயர் என்னும் பெண் எழுத்தாளர் 1934இல் ‘வசதியான மணம்’ எனப் பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நாவல் எழுதினார். 1961இல் அவர் எழுதிய வேறொரு நாவலில், தந்தை வைத்துச் சென்ற கடனால் நிலபுலன்களை இழக்கும் நிலையிலுள்ள இளம் பிரபு ஒருவன், தான் காதலித்தவளை விடுத்துச் செல்வ வணிகர் ஒருவரின் மகளை மணக்கிறான். அங்கே காதல் புயலாக வருவதில்லை. சமையல், நிலம், குழந்தை என அன்றாட வாழ்வின் வழியே ஒரு பழகிய நட்பாக வருகிறது. அவ்வகை நூல்களுள் அதுவே தலைசிறந்தது எனலாம்.

தமிழிலும் வார இதழ்த் தொடர்களும் மாத நாவல்களும் இக்கதையைப் பலமுறை சொல்லியுள்ளன. வாடகை நூல் நிலையங்களில் அட்டை கிழியும் வரை கைமாறியவை அவை. அவற்றை இழித்துரைப்பது எளிது. அவை எழுப்பும் வினாவைத் தள்ளிவிடுவது அத்துணை எளிதன்று. பிறர் நலனுக்காகக் கைப்பிடித்துத் தரப்பட்ட ஒரு பெண், அந்த மணத்தைத் தனக்குரியதாக ஆக்கிக்கொள்ள இயலுமா என்பதே அவ்வினா. இதற்கு இராமநாதபுரம் கடற்கரை மெய்யான விடைகள் சிலவற்றைத் தன்னிடம் வைத்திருக்கிறது. தேவிபட்டினத்திலிருந்து திருப்பாலைக்குடி வழியாகத் தொண்டி வரை நீளும் பாக் நீரிணைக் கரையும் அதன் பின்னிலமும், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் திருமணங்களால் இணைக்கப்பட்டும் திருமணங்களால் பிளக்கப்பட்டும் உருப்பெற்ற நாடு.

தமிழ் மரபில் இத்தகைய மணத்துக்கு இடம் எங்கே? அகத்திணையில் அதற்கு இடமில்லை. களவும் கற்பும் ஒத்த அன்பினரைப் பற்றியவை. பயன் கருதிய மணம் புறத்திணைக்குள்தான் வருகிறது. பெண் கேட்டு வந்த வேந்தனுக்கு முதுகுடித் தலைவன் மறுத்து நிற்பதைப் பாடும் மகட்பாற்காஞ்சித் துறை, புறநானூற்றில் ஒரு தொகுதியாகவே அமைந்துள்ளது. ஒரு பெண்ணின் பொருட்டு ஓர் ஊர் அழியப் போகிறதே என்று புலவர் கவல்வதே அப்பாடல்களின் பொது உணர்வு. அவளுடைய விருப்பம் என்ன என்று அங்கே எவரும் கேட்பதில்லை. இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சியும் அந்நூலிலேயே உண்டு. பறம்பு மலைத் தலைவன் பாரி இறந்தபின், கபிலர் அவன் மகளிரை அழைத்துச் சென்று விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணந்துகொள்ளுமாறு வேண்டினார். இருவரும் ஏற்கவில்லை. நாடிழந்த தந்தையின் பெண்களை மணப்பதால் எந்த வேந்தனுக்கும் பயன் இல்லை. மூவேந்தரை எதிர்த்து நின்றவனின் மகளிர் என்பதால் இழப்பே மிகுதி. பயன் கருதிய மணத்தின் கணக்கு எத்துணைக் கொடியது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. அந்தப் பறம்பு மலை இன்றைய பிரான்மலை என்பர். சேது நாட்டுத் திருமணம் ஒன்றில் அம்மலை மீண்டும் வரும்.

புதினத்துக்கு வந்தால், இவ்வகை மணத்தின் மிகப் புகழ்பெற்ற தமிழ் வடிவம் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ (1950-54) நூலில் உள்ளது. முதியவரான பெரிய பழுவேட்டரையரை நந்தினி மணப்பது அன்பினால் அன்று. சோழ நாட்டின் தனாதிகாரியின் மனைவி என்ற நிலை அவளுடைய பழிக்குத் தேவைப்படுகிறது. ஆனால் கல்கி இங்கே ஒன்று செய்தார். அம்மணத்தின் சூழ்ச்சியை எல்லாம் பெண்ணின் மேல் ஏற்றிவிட்டு, அதே நூலில் கொடும்பாளூர் வானதிக்கும் அருள்மொழிவர்மருக்கும் குந்தவை கூட்டிவைக்க விரும்பும் உறவைக் காதலாகப் படைத்தார். கொடும்பாளூர் வேளிரும் சோழரும் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் கொண்டது அரசியல் தேவை என்பது வரலாறு. நாவலிலோ தீயவளின் மணம் சூழ்ச்சியாகவும், நல்லவளின் மணம் காதலாகவும் பிரிந்து நிற்கிறது. பின்வந்த வரலாற்றுக் காதற் புதினங்கள் பெரும்பாலும் இப்பிரிவையே பின்பற்றின. இளவரசியும் வீரனும் முதல் அத்தியாயத்திலேயே கண்ணோடு கண் நோக்கிவிடுவார்கள்; இரு நாடுகளின் உடன்படிக்கை அவர்களின் காதலுக்குத் துணையாக வந்து நிற்கும். மணமாலையோடு கதை முடியும்.

சேது நாட்டிலோ மணமாலைக்குப் பிறகுதான் கதை தொடங்குகிறது.

தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிய இரகுநாத கிழவன் சேதுபதி, தொண்டைமான் குடியைச் சேர்ந்த கதலி என்னும் பெண்ணை மணந்தார். அவளுடைய உடன்பிறந்தான் இரகுநாதராயத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைப் பகுதியின் ஆட்சி கிடைத்தது. 1686ஆம் ஆண்டை அத்தொண்டைமான் ஆட்சியின் தொடக்கமாகக் கொள்வது மரபு. சேது நாட்டின் வட எல்லைக்கு நம்பகமான காவலன் ஒருவன் தேவை. மைத்துனனைவிட நம்பகமானவன் யார் என்பது கிழவனின் கணக்காக இருந்திருக்கும். அந்தக் கணக்கு இரண்டு தலைமுறைகூடத் தாங்கவில்லை. காவலாக வைத்த எல்லை, தனி நாடாகப் பிரிந்து சென்றது. ஒரு மணத்தால் பிறந்த அந்நாடு இருநூற்றறுபது ஆண்டுகள் நிலைத்தது.

அதே கிழவன் சேதுபதியின் காலத்தில், வேறொரு மணம் முறிந்தது ஒரு துறவியின் உயிரைப் பறித்தது. சேதுபதி மரபில் வந்தவரும் அரியணைக்கு உரிமை கோரத்தக்கவருமான தடியத்தேவர், போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவியான அருளானந்தரிடம், அதாவது ஜான் டி பிரிட்டோவிடம், திருமுழுக்குப் பெற விரும்பினார். ஒரு மனைவியுடன் மட்டுமே வாழவேண்டும் என்பது அம்மதத்தின் விதி. தடியத்தேவர் முதல் மனைவியை வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். அவர்களை உடன்பிறந்தாராகக் கருதிக் காப்பதாகவும் சொன்னார். விலக்கப்பட்டவர்களுள் இளையவளான கடலாயி, கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். கதலி, கடலாயி என்ற பெயர்களின் ஒலி ஒப்புமையால் இவ்விருவரையும் ஒருவராகக் கொண்டுவிடலாகாது. கடலாயி தன் பெரிய குடும்பத்தாரிடம் சென்று முறையிட்டாள். அருளானந்தர் சிறைப்பட்டார், 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1853இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். அவர் குருதி பட்டுச் சிவந்ததாக மக்கள் நம்பும் மணலை எடுத்துச் செல்ல இன்றும் ஓரியூருக்கு வருவோர் உண்டு.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும் நூல்களில் கடலாயி பெரும்பாலும் பழிவாங்கும் பெண்ணாகவே வருகிறாள். நந்தினிக்கு முந்திய நந்தினி என்றுகூடச் சொல்லிவிடலாம். சற்று நின்று நோக்கினால் வேறொன்று புலப்படும். அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ஒரு பங்காளிக்கு அரசன் தன் வீட்டுப் பெண்ணைக் கொடுப்பது, அவனைக் கட்டிவைக்கும் கயிறு. அந்தக் கயிறு அறுந்தபோது அரசன் அஞ்சியது பங்காளியின் புதிய மதத்தைவிடப் பங்காளியின் புதிய விடுதலையை எனக் கொள்வதே பொருந்தும். கடலாயியின் நிலையோ இன்னும் இக்கட்டானது. கணவனோடு பூசல் செய்து நீங்கியவள் அல்லள்; குற்றம் ஏதும் சாட்டப்படாமலே, மனைவி என்ற நிலையிலிருந்து ஒரே நாளில் தங்கை என்ற நிலைக்கு மாற்றப்பட்டவள். துறவி தம் சமயத்துக்கு உண்மையாக நின்றார்; தடியத்தேவர் தம் மனச்சான்றுக்கு உண்மையாக நின்றார்; இருவரின் உண்மைக்கும் விலை கொடுத்தவள் அவள். ஒரு நல்ல நாவலாசிரியன் இவர்களுள் எவரையும் தீயவராக்காமல் இக்கதையைச் சொல்லிவிட முடியும்.

கிழவன் சேதுபதி 1710இல் மறைந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினர் என்று இயேசு சபைத் துறவி ஒருவரின் கடிதம் கூறுகிறது. எண்ணிக்கை எதுவாயினும், அத்தனை மணங்களுக்குப் பின்னால் அத்தனை குடிகளின் உறவு இருந்தது என்பதில் ஐயமில்லை.

அடுத்து வந்தவர் விஜயரகுநாத சேதுபதி. இவர் தம் பெண்களுக்குச் செய்துவைத்த மணங்களைப் பற்றி வழங்கும் செய்திகளை ஒருங்கே வைத்துப் படிக்க வேண்டும். பாம்பனிலிருந்து இராமேசுவரம் செல்வோர் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற இரண்டு ஊர்களைக் கடக்கின்றனர். சேதுபதி தம் பெண்கள் இருவரையும் இராமேசுவரத்து அதிகாரியான ஒருவருக்கே மணம் செய்துகொடுத்தார் என்றும், அம்மருமகன் கடல் கடக்கும் யாத்திரிகரிடம் வரி வாங்கினார் என்றும், சேதுவைக் காப்பதே தம் அரச கடமை எனக் கொண்ட மாமனார் அதனைச் சிவத்துரோகமெனக் கருதி மருமகனுக்குக் கொலைத்தண்டனை விதித்தார் என்றும், பெண்கள் இருவரும் கணவனோடு தீப்பாய்ந்தனர் என்றும், அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே அவை என்றும் மரபு கூறும். கோயில் துறையின் அதிகாரத்தைக் குடும்பத்துக்குள் வைத்திருக்கச் செய்த மணம்தான் அக்குடும்பத்தையே எரித்தது. தந்தையின் நீதியைப் புகழ்வதற்காகவே இக்கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தது. ஊர்ப்பெயர்களோ தந்தையை விட்டுவிட்டு, அக்காளையும் தங்கையையும் மட்டும் நினைவில் வைத்துள்ளன. மக்கள் வழக்கின் நீதி அரசவை நீதியிலிருந்து எவ்வளவு வேறுபட்டது பாருங்கள்.

இதே சேதுபதி, அகிலாண்டேசுவரி நாச்சியார் என்னும் மகளை நாலுகோட்டைப் பெரிய உடையாத் தேவரின் மகன் சசிவர்ணத் தேவருக்குக் கொடுத்தார். 1000 வீரர்களைப் பேணுவதற்குப் போதுமான வரியில்லா நிலம் சீதனம். அதனுடன் பிரான்மலை, திருப்பத்தூர், சோழபுரம், திருப்புவனம் முதலிய கோட்டைகளின் பொறுப்பும் தொண்டித் துறைமுகத்தின் பொறுப்பும் மருமகனிடம் வந்தன. பாரி மகளிரை எவரும் மணக்க முன்வராத அதே மலை, இப்போது ஒரு மணப்பெண்ணின் சீர்வரிசையோடு சேர்ந்து வந்தது! தொண்டியைச் சேர்த்தது பொருள் பொதிந்த செயல். குதிரையும் அரிசியும் துணியும் ஏறி இறங்கும் துறை கையிலிருந்தால், உள்நாட்டுப் பாளையம் ஒன்று கடலைப் பார்க்கத் தொடங்கிவிடும். திருப்பாலைக்குடிக் கரையில் நின்று வடக்கே போகும் பாய்மரங்களைப் பார்த்த பரதவரும் மரைக்காயரும், இனி அத்துறையின் சுங்கம் யார் கைக்குப் போகும் என்பதைக் கொண்டே அத்திருமணத்தை அளந்திருப்பார்கள்.

விளைவு விரைந்து வந்தது. கிழவன் சேதுபதியின் மகனாயினும் தாய்வழித் தகுதி போதாதென்று அரியணை மறுக்கப்பட்ட பவானி சங்கரத் தேவர், படை கொண்டு ஆட்சியைப் பற்றினார். இங்கும் மூலத்தில் இருப்பது ஒரு மணமே: எந்த மனைவியின் வயிற்றில் பிறந்தவன் அரசன் ஆகலாம் என்ற வினா. சசிவர்ணத் தேவர் நாலுகோட்டையை இழந்து, இராமநாதபுரத்துக் கட்டயத் தேவரோடு தஞ்சை மராத்திய அரசரின் உதவியை நாடினார். 1730ஐ ஒட்டிப் பவானி சங்கரர் தோற்கடிக்கப்பட்டபின் சேது நாடு ஐந்து பங்காக்கப்பட்டது. மூன்று பங்கு கட்டயத் தேவருக்கு, இரண்டு பங்கு சசிவர்ணருக்கு. இவ்வாறு சிவகங்கைச் சீமை பிறந்தது. மகளைக் கொடுத்து மருமகனைக் கட்டிவைக்க எண்ணிய வீட்டிலிருந்து நாட்டின் ஐந்தில் இரண்டு பங்கே பிரிந்து சென்றது.

பிரிந்த இரு வீடுகளையும் மீண்டும் ஒட்டவைக்க இன்னொரு மணம் வேண்டியிருந்தது. இராமநாதபுரம் செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதியின் ஒரே மகளான வேலுநாச்சியார், 1746இல் சசிவர்ணரின் மகன் முத்துவடுகநாதருக்கு மணமுடிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 16. இம்மணத்தின் பயன் என்னவென்பது 1772 ஜூன் மாதத்தில் தெரிந்தது. ஆர்க்காட்டு நவாபின் படையும் கும்பினிப் படையும் அம்மாதத் தொடக்கத்திலேயே இராமநாதபுரத்தைப் பிடித்தன. இளஞ்சேதுபதியும் அவர் தாயும் திருச்சியில் சிறைவைக்கப்பட்டனர். 25ஆம் நாள் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ஒன்றுக்கொன்று அரணாகட்டும் என்று இணைக்கப்பட்ட பிறந்தகமும் புகுந்தகமும் ஒரே திங்களில் வீழ்ந்தன. கணக்கின்படி பார்த்தால், அம்மணம் அன்றே பொருளிழந்துவிட்டது.

வேலுநாச்சியார் அப்படிக் கருதவில்லை. மகள் வெள்ளச்சியோடும் அமைச்சர் தாண்டவராய பிள்ளையோடும் மருது சகோதரர்களோடும் விருப்பாச்சிப் பாளையத்தை அடைந்து, ஐதர் அலியின் ஆதரவைத் தேடி, எட்டாண்டுகள் காத்திருந்து, 1780இல் சிவகங்கையை மீட்டார். தீப்பாய்தலே கைம்பெண்ணின் புகழ் எனக் கருதப்பட்ட மரபில், அக்காள்மடத்தையும் தங்கச்சிமடத்தையும் ஊர்ப்பெயர்களாகக் கொண்ட நாட்டில், அவர் உயிரோடிருந்ததே முதல் துணிவு. மேடைகளும் நாடகங்களும் அவரைக் குதிரை மேலும் வாளோடும் காட்டுவதில் மகிழ்கின்றன. 2008இல் அஞ்சல் தலையும் வெளிவந்தது. ஆனால் புனைகதைக்கு உரிய பொருள் மீட்சிப் போரைவிட அந்த எட்டாண்டுக் காத்திருப்பில்தான் மிகுதியாக உள்ளது. அயலார் பாளையத்தில், கணவனின் நாட்டைத் தன் நாடென்று உரிமை சொல்லிக்கொண்டு, வளரும் பெண்ணை அருகில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கழித்த நாட்கள் அவை. மணத்தைத் தனக்குரியதாக ஆக்கிக்கொள்ள இயலுமா என்ற வினாவுக்கு, வசனங்களே இல்லாத விடை அது.

மகள் வெள்ளச்சிக்கும் அதே கணக்கே காத்திருந்தது. அவர் வேங்கன் பெரிய உடையாத் தேவருக்கு மணமுடிக்கப்பட்டார். அவ்வழியே வேங்கன் சிவகங்கைக்கு அரசரானார். நாட்டைப் பெற்றுத்தரும் திறவுகோலாக மீண்டும் ஒரு மகள்.

கும்பினியார் 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டு, படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கை சமீன்தாராக அமர்த்தியபின், இம்மணங்களின் களம் போர்க்களத்திலிருந்து நீதிமன்றத்துக்கு மாறியது. கௌரி வல்லபர் 1829இல் மறைந்தார். மனைவியர் பலர், ஆண் வாரிசு இல்லை. அண்ணன் வழியினர் சமீனைப் பற்றிக்கொள்ள, வழக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கூட்டுக் குடும்பத்தில் இருந்தவராயினும் ஒருவர் தாமே ஈட்டிய சொத்து அவருடைய மனைவிக்கும் மகளுக்குமே சேரும் என்ற அத்தீர்ப்பை இந்து வாரிசுரிமைச் சட்டம் படித்த வழக்கறிஞர் அனைவரும் அறிவர். ஐந்தாண்டு கழித்து, 1868இல், இராமநாதபுரத்து ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் செய்த தத்து செல்லும் என்றும் அதே மன்றம் தீர்ப்பளித்தது. கணவனின் அனுமதி இல்லாவிடினும் பங்காளிகளின் இசைவு இருந்தால் கைம்பெண் தத்தெடுக்கலாம் என்பது அதன் சாரம். மணத்தால் வந்த உரிமையைப் பெண்கள் கடல் கடந்த மன்றத்தில் நிலைநாட்டினார்கள். அவ்வழக்கு ஏடுகள் பல வரலாற்றுப் புதினங்களைக் காட்டிலும் சுவையானவை.

அரண்மனைகளை விட்டுக் கடற்கரைக் குடிகளைப் பார்த்தாலும் கணக்கு இருந்தது. கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பெண் தாய்வீட்டிலேயே தங்க, மணமகன் அங்கே வந்து வாழும் வழக்கம் உண்டு. கடல்மேல் பல மாதம் செல்லும் வணிகனுக்கும், அவன் இல்லாத வீட்டில் வாழும் பெண்ணுக்கும் ஏற்ற ஏற்பாடு அது. இஸ்லாமிய நிக்காஹ் இயல்பிலேயே ஓர் ஒப்பந்தம். மஹர் பேசி, சாட்சிகள் முன் பெண்ணின் இசைவைக் கேட்டு நிறைவேறுவது. இசைவு கேட்கப்படுகிறதா, கேட்கப்பட்டதாக எழுதப்படுகிறதா என்பதில்தான் வாழ்வின் வேறுபாடு அடங்கியுள்ளது. இதனைத் தமிழில் அஞ்சாமல் எழுதியவர் தோப்பில் முஹம்மது மீரான். அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாயிற்று. களம் குமரி மாவட்டக் கடற்கரையாயினும், குடும்பப் பெருமையைக் காப்பதற்காக மகளுக்குச் செய்யப்படும் மணம் அப்பெருமையையே தகர்ப்பதை அது காட்டுகிறது. சேதுக் கரையினர் எவருக்கும் அவ்வீடு அயல்வீடாகத் தோன்றாது.

இனி, கதலியின் மணத்தால் பிறந்த புதுக்கோட்டைக்குத் திரும்பலாம். அந்நாட்டு அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், 1915 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மாலி ஃபிங்க் என்னும் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். எந்த எல்லைக்கும் காவல் தராத, எந்தத் துறைமுகமும் சேராத காதல் மணம் அது. ஆங்கில அரசு அவரை ராணியாக ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு பிறந்த மகனுக்கு வாரிசுரிமை வழங்கவும் மறுத்தது. மனைவியா அரியணையா என்ற நிலை வந்தபோது தொண்டைமான் மனைவியைத் தேர்ந்தார். நாட்டைப் பிரதிநிதி ஆட்சியிடம் விட்டு அயல்நாடுகளில் வாழ்ந்து 1928இல் பாரிசில் மறைந்தார். அரியணை, குடும்பத்தின் வேறு கிளையைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவன் இராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போயிற்று. அவர் வளர்ந்து பொறுப்பேற்று, 1948 மார்ச் 3ஆம் நாள் புதுக்கோட்டையை இந்திய ஒன்றியத்துடன் இணைத்தார். 1997இல் மறையும் வரை அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை.